அண்ணனின் பெயரும் உன் கலியாணமும்

தம்பி,

இதை மடித்து உன் கையிலேயே தந்திருக்கலாம். ஆனால் தகப்பனும் மகனுமாக நாம் இருவரும் ஊர் பார்க்கச் சண்டை பிடித்தோம். கோயில் முற்றத்தில், பூசை முடிந்து சனம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில். ஊர் கேட்ட கதைக்கு ஊர் கேட்கவே பதில் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அதனால் நம் தேவாலயத்துப் பங்குப் பத்திரிகையில் போடச் சொல்லி இதைப் பங்குக் குருவான சுவாமியிடம் கொடுக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தலாம், ஆனால் ஒரு வரியை வெட்டினாலும் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனபோது என் பெயரைத்தான் ஒழுங்காக எழுதத் தெரியும். பிறகு எனக்கு வாசிக்கப் பழக்கியது வேதப்புத்தகம். பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்த ஒருவரும் இல்லை. அதனால் நான் இங்கே சொல்லும் விளக்கங்களில் படித்தவர்கள் பிழை காணக்கூடும். காணட்டும்.

நடந்ததை முதலில் எழுதுகிறேன். அன்றைக்குக் கோயிலுக்கு வராதவர்கள் அதை வேறு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நம் கரையில் ஒரு வீட்டில் கலியாணம் என்றால், முதல்நாள் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பது வழக்கம். பூசை முடிந்ததும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி, நாளைக்கு எங்கள் வீட்டில் விசேஷம் என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டு வருவோம். உனக்கும் ஓமந்தை ஊர்ப் பிள்ளை நிலானிக்கும் நடக்கப்போகும் கலியாணத்துக்கு அந்தப் பூசையை நீ எழுதிக் கொடுத்திருந்தாய். ஞாயிறு பூசையின் தொடக்கத்தில் கோயில் மூப்பர் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று அதை அறிவித்தலாக வாசித்தார். என் தகப்பனின் பெயர், என் தாயின் பெயர், உன் அம்மாவைப் பெற்றவர்களின் பெயர்கள். எல்லாம் சரிதான். அதற்குப் பிறகு உன் அண்ணன் அன்ரனின் பெயர். "ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று அவர் முடிப்பதற்குள் நான் எழும்பிவிட்டேன்.

"மூப்பர், அந்தக் கடைசிப் பேரை வெட்டுங்கோ!"

"நான் எழுதித் தந்ததை வாசிக்கிறன் அண்ணை. என்னை ஏன் முறைக்கிறியள்? முறைக்கிறதெண்டா எழுதினவரை முறையுங்கோ."

பின்வரிசை வாங்கில் இருந்த பெடியள் சிரித்தார்கள். சுவாமி பாட்டைத் தொடங்கச் சொல்லி ஆர்மோனியக்காரருக்குக் கைகாட்டினார். பூசை முழுவதும் நான் உன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வாசித்த சுவிசேஷம் என்னவென்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

முற்றத்தில் நீதான் தொடங்கினாய். "அப்பா, அண்ணைக்கு ஒரு செபம் சொல்லக் கேட்டது குற்றமோ?"

"செபம் சொல்லு. உயிரோட இருக்கிறவனுக்குச் சொல்லுற செபத்தைச் சொல்லு. கடலுக்குப் போனவங்களுக்காகச் சொல்லேக்க ஒவ்வொரு ஞாயிறும் அவன்ர பேரும் வருகுதுதானே."

"அண்ணை கடலுக்குப் போகேல்லை அப்பா. தண்ணி எடுக்கப் போனவர்."

பதில் இல்லாதபோது நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். சத்தத்தைக் கூட்டினேன். அந்தப் பெயரை வாசித்தால் அந்தப் பூசைக்கும் வரமாட்டேன், மறுநாள் கலியாணத்துக்கும் வரமாட்டேன் என்று சொன்னேன். பெயர் கொடுக்கிறவர்கள் தங்கள் நிம்மதிக்காகத்தான் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். பக்கத்தில் மாகிறேற் அக்கா நின்றதை நான் கவனிக்கவில்லை. அவரும் யுத்தத்தில் காணாமல் போன புருஷனைத் தேடித் தேடிக் களைத்து, கடைசியில் இறந்தவர்களின் பூசைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர். "பேர் குடுத்த நாங்கள் எல்லாம் எங்கட ஆக்களைச் சாக்காட்டிப்போட்டமோ?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

நீ மோட்டார் சைக்கிளில் ஏறி, உதைப்பதற்கு முதல் ஒன்று சொன்னாய். "எனக்குக் கலியாணம் அப்பா. ஒரு நாளைக்கெண்டாலும் எனக்கு அப்பாவா இருங்கோ." அம்மா வீட்டில் பாரைமீன் குழம்பு வைத்துவிட்டு உனக்காகப் பார்த்திருந்தார். நீ முல்லைத்தீவுக்கு, உன் எஞ்சின் திருத்தும் கடைக்கே போய்விட்டாய். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் ஏன் அந்தப் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்பதை உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. கத்தியிருக்கிறேன், சொன்னதில்லை. கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாக நாம் நகர்ந்துகொண்டிருந்தபோது நீ சின்னப் பிள்ளை, அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். அன்ரனுக்கு மீசை அரும்பியிருந்தது. ஒரு பனையடியில் இருந்தோம். உனக்குத் தண்ணீர் விடாய். அவன் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு, "இதிலயே நில்லுங்கோ அப்பா, இப்ப வாறன்" என்றான். சனம் எழும்பி ஓடியபோது நானும் உங்களை இழுத்துக்கொண்டு ஓடினேன். அவன் திரும்பி வந்து அந்தப் பனையடியைப் பார்த்தானா, பார்க்கவில்லையா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல ஆண்டவருக்கு முன்னால் எப்படி வாசிப்பது? நம் கரையில் படகோடு போனவன் வராவிட்டால், ஒரு செய்தி வரும்வரை அவன் பெயரை இறந்தவர்களோடு சேர்ப்பதில்லை. என் தகப்பன் காலத்திலும் அப்படித்தான். உன் அண்ணனுக்குக் கடல் இல்லை, தரைதான். ஆனால் செய்தி வரவில்லை என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். இதில் நான் இன்றைக்கும் மாறவில்லை. வாசித்துக்கொண்டு போகும்போது அப்பா கடைசியில் மாறிவிடுவார் என்று எதிர்பார்க்காதே.

சண்டைக்குப் பிறகு சுவாமி என்னைத் தேடி வந்தார். நாயாற்றுப் பக்கம் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. மணலில் எனக்கு எதிரே குந்தினார்.

"ஐயா, கேக்கிறனெண்டு கோவிக்கக்கூடாது. இது விசுவாசமோ, பிடிவாதமோ?"

"நீதவான்ர வாசலை விடாமத் தட்டின விதவையிட்டயும் இதைத்தான் கேட்டிருப்பியளோ சுவாமி?"

"அவ நியாயம் கேட்டவ."

"நான் என்ன மிட்டாயே கேக்கிறன்?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு வலையின் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடிக்கத் தெரியாது, ஆனாலும் பிடித்தார். அந்த விதவையை எனக்கு எப்போதும் பிடிக்கும். அந்த நீதவான் கடவுளுக்கும் பயப்படாதவன், மனிதரையும் மதிக்காதவன். அவளுக்கு ஆள்பலம் இல்லை, கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பப் போனாள், அவ்வளவுதான். செபம் என்றால் அழகாகச் சொல்வது என்று நான் நினைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போவதுதான் செபம். நீயும் நிலானியும் குடும்பம் தொடங்கும்போது அழகான செபங்கள் வாய்க்காது. படுக்கப் போகும்போது இருவருக்கும் அலுப்பாக இருக்கும், சில நாள் ஒருவரோடு ஒருவர் கோபமாகவும் இருப்பீர்கள். அப்போதும் போங்கள். ஆண்டவரோடு கோபம் என்றால் கோபத்தோடு போங்கள். நான் இத்தனை காலமும் அப்படித்தான் போகிறேன். உள்ளே ஒருவரும் இல்லாத வீட்டின் கதவோடு மனிதன் இவ்வளவு காலம் கோபித்துக்கொண்டிருக்க மாட்டான். என் விசுவாசம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், இவ்வளவுதான்.

ஆனால் மாகிறேற் அக்காவின் கேள்வி கையைப் பிடித்த வலைக் கண்போல என்னை விடவில்லை. கோயிலுக்குச் செபிக்கப் போன இரண்டு பேரின் கதை உனக்குத் தெரியும். முன்னால் நின்ற பரிசேயன், வேதம் படித்த பெரிய மனிதன், நான் மற்றவர்களைப்போல இல்லை, பின்னால் நிற்கிற இந்த ஆயக்காரனைப்போல இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னான். ஊர் வெறுத்த வரி வாங்குகிறவனான ஆயக்காரன் நெஞ்சில் அடித்துக்கொண்டு இரக்கம் மட்டும் கேட்டான். அதை வாசிக்கும்போதெல்லாம் நான் ஆயக்காரனின் பக்கத்தில்தான் நின்றேன். நமக்குப் படிப்பு இல்லை, பதவி இல்லை, நாம் வேறு எங்கே நிற்பது என்று நினைத்தேன். இறந்தவர்களின் மாதமான நவம்பரில் அவர்களின் பெயர்களை வாசிக்கும்போது என் மனம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதை இப்போதுதான் கேட்டுப் பார்க்கிறேன். இவர்கள் களைத்துவிட்டார்கள், நான் களைக்கவில்லை. இவர்கள் கையை விட்டுவிட்டார்கள், நான் விடவில்லை. ஒவ்வொரு பெயரும் வாசிக்க வாசிக்க என் முதுகு நிமிர்ந்தது. மகனைத் தொலைத்ததில்கூட ஒருவனுக்குப் பெருமை வரும் என்றால் நம்புவாயா? எனக்கு வந்தது. மாகிறேற் அக்கா, நீங்களும் இதை வாசிப்பீர்கள். உங்கள் ஆளை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று நான் மனதுக்குள் சொன்னது அநியாயம். நீங்கள் அவரைக் கடவுளின் கையில் கொடுத்தீர்கள். எனக்கு அது முடியவில்லை. முடியாததைப் பெருமையாகக் காட்டிக்கொண்டேன். மன்னியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உன்னைப் பற்றியது. யுத்தம் முடிந்து நாம் இருந்த முகாமில் உனக்குக் காய்ச்சல் வந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. டொக்டரைப் பார்க்க நின்ற வரிசைக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. நமக்கு வெகு முன்னால் ஒரு மனிதர், நெற்றியில் திருநீறு, மலைநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் தோட்டம் செய்தவர் என்று பேச்சில் தெரிந்தது. அவருடைய தோளிலும் ஒரு பெண்பிள்ளை சோர்ந்துபோய்க் கிடந்தது. உன்னைத் திரும்பிப் பார்த்தவர், "ஐயா, நீங்க இங்க வந்து நில்லுங்க. புள்ளைக்குக் கண்ணு சொருகுது" என்று சொல்லித் தன் இடத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போனார். நீ பிழைத்தாய். அந்த மனிதரை நான் பிறகு தேடவில்லை. அவருடைய பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. ஆண்டவருக்கும் நன்றி சொல்லவில்லை.

ஆண்டவர் குணமாக்கிய பத்துத் தொழுநோயாளரில் ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், அவனும் யூதர் சேர்த்துக்கொள்ளாத சமாரியன். மற்ற ஒன்பது பேரும் நன்றி கெட்டவர்கள் என்று எல்லோரும் பிரசங்கம் வைக்கிறார்கள். நான் அந்த ஒன்பது பேருக்காக வெகுகாலம் வழக்காடியிருக்கிறேன். அவர்களில் ஒருவனுக்கு இன்னும் குணமாகாத அண்ணன் ஒருவன் வீட்டில் கிடந்திருப்பான், தன் தோல் சுத்தமானதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அண்ணனின் தோல்தான் ஞாபகம் வந்திருக்கும், எந்த வாயால் அவன் நன்றி சொல்வது என்று கேட்பேன். இப்போதும் அந்தக் கேள்வி பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இதுவும் உண்மை: தராததைக் காட்டித் தந்ததை நான் மறைத்தேன். நீ நடந்தாய், வளர்ந்தாய், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லப் பழகினாய். ஒவ்வொரு தரமும் நான் சந்தோஷப்பட்டேன், உடனே அதை அமத்திக்கொண்டேன். நீ சிரிக்கும்போது நானும் சிரித்தால் அவனை மறந்துவிட்டதாகிவிடும் என்று பயந்தேன். நீ அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறாய். அன்று மோட்டார் சைக்கிளில் இருந்து நீ சொன்ன வார்த்தை அன்றைக்குப் பிறந்ததல்ல என்று இப்போது விளங்குகிறது.

எனக்கு அதை விளங்கவைத்தது சுவாமியுமில்லை, வேதப்புத்தகமுமில்லை. உன் அம்மா. குசினியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"தம்பி அண்டைக்குச் சாப்பிடாமப் போனவன். கண்டனீங்களோ?"

"பசிச்சா வருவான்."

"மூத்தவனுக்குப் பசிக்குமோ பசிக்குமோ எண்டு இவ்வளவு காலமும் யோசிக்கிறீங்கள். இளையவனுக்குப் பசிச்சா மட்டும் அவனாத்தான் வரவேணுமோ?"

கையைக் கழுவிவிட்டு வேதப்புத்தகத்தை எடுத்து, தொலைந்த மகனின் கதையை விரித்தேன். அந்தப் பக்கம் என் விரல் பட்டுப் பட்டு மங்கிப்போயிருக்கிறது. வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வர, தகப்பன் தூரத்தில் அவனைக் கண்டு ஓடுவது, கட்டிப் பிடிப்பது, புது உடுப்பு, மோதிரம், விருந்து. ஒவ்வொரு தரமும் விருந்தோடு புத்தகத்தை மூடிவிடுவேன். அதற்குமேல் எனக்கு என்ன வேலை? அன்றைக்குத்தான் மிச்சத்தையும் நின்று வாசித்தேன். வீட்டோடு இருந்த மகன் வயலில் இருந்து வருகிறான், பாட்டுச் சத்தம் கேட்கிறது, உள்ளே போகமாட்டேன் என்று வெளியே நிற்கிறான். இவ்வளவு காலமும் உங்களோடு இருந்தேனே, எனக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறான். தகப்பன் அவனைப் பார்க்கப் பந்தியை விட்டு எழும்பி வெளியே வருகிறான். தகப்பன்தான் வீட்டுக்குப் பெரியவன். ஒரு வேலைக்காரனை அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாம். பசித்தால் வருவான் என்று இருந்திருக்கலாம். தானே வந்தான், வந்து கெஞ்சினான்.

அந்தத் தகப்பன் அன்றைக்கு இரண்டு தரம் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கிறான், தம்பி. முதல் தரம் ஓடியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஓடுவது லேசு. சந்தோஷமே காலைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டாம் தரம் கோபித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு முன்னால் போய் நின்று, அவன் சொல்வதை எல்லாம் கேட்க வேண்டும். நான் வெகுகாலமாக முதல் தரம் ஓடுவதற்காக மட்டும் வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் நீ நின்றாய்.

அந்தக் கதையில் வெளியே நின்றவன் தன் சகோதரனைச் சகோதரன் என்றே சொல்லவில்லை. உங்களுடைய மகன் என்றுதான் தகப்பனிடம் சொன்னான். நீ அப்படிச் செய்யவில்லை. அண்ணை என்றுதான் சொன்னாய். உன் கலியாணத்துக்கு யார் யார் வர வேண்டும் என்று யோசித்தபோது அவனையும் யோசித்தாய். அவனைக் கூப்பிட உனக்குத் தெரிந்த வழி அந்தப் பூசை ஒன்றுதான். நீ அவனை மண்ணுக்குள் வைக்கப் பார்க்கிறாய் என்று நான் கத்தினேன். நீ அவனை உன் பக்கத்தில் நிற்கவைக்கப் பார்த்திருக்கிறாய். இது விளங்க எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது. இதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு இல்லை.

ஆகவே நான் யோசித்து முடிவெடுத்ததைக் கேள். அந்தப் பூசைக்கு நான் வருவேன். அன்ரனின் பெயரை மூப்பர் வாசிக்க வேண்டாம், அவருக்கு அது ஒரு கடதாசியில் இருக்கும் பெயர். நீ எழும்பி உன் வாயால் சொல். எந்தச் செபம் சரி என்று உனக்குப் படுகிறதோ அந்தச் செபத்தைச் சொல். நான் ஆமென் சொல்ல மாட்டேன். என்னால் முடியாது, என்னிடம் அதைக் கேட்காதே. ஆனால் எழும்பிப் போகவும் மாட்டேன். உன் தோளில் என் தோள் படும்படி முழந்தாளில் நிற்பேன். அம்மா ஆமென் சொல்லுவார் என்று நினைக்கிறேன். சொல்லட்டும். அவருக்கும் அவன் பிள்ளைதான், இத்தனை காலம் என் சத்தத்துக்குப் பயந்து அவர் தன் செபத்தைக்கூட வாய்க்குள் வைத்திருந்தார். கலியாணம் முடிந்து வரும் ஞாயிறு, கடலுக்குப் போனவர்களுக்கான செபத்தில் நான் வழமைபோல அவன் பெயரைக் கொடுப்பேன். அப்போது நீ ஆமென் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஒரே வாங்கில் இருந்து ஒரே பிள்ளைக்காக இரண்டு பேர் இரண்டு விதமாகச் செபித்தால் ஆண்டவருக்குக் குழப்பம் வராது. அவருக்கு விஷயம் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

தகப்பன் வெளியே வந்து கெஞ்சிய பிறகு அந்த மகன் உள்ளே போனானா இல்லையா என்று வேதத்தில் எழுதவில்லை. நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், அடுத்தது வேறு கதை. எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்கும். அது அந்த மகனின் கையில் இருக்கிற விஷயம், நான் எழுத முடியாது. தகப்பனின் பங்கை மட்டும்தான் நான் செய்யலாம்.

இதைச் சுவாமியிடம் கொடுத்துவிட்டு நேரே முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி உன் கடைக்கு வருகிறேன். இது அச்சாகி உன் கைக்கு வரும்போது நான் வந்து போய்ச் சில நாளாகியிருக்கும். எனக்கு நேரில் பேச வராது. கடை வாசலில் நின்று, எஞ்சினை இப்படியா கழற்றி வைப்பது என்று உன்னை ஏசிவிட்டு, நீ தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் திரும்பிப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். அப்படித்தான் நடந்திருந்தால், நான் சொல்ல வந்தது இதுதான்.

அப்பா